பதினொன்றாவது சுற்று

கடை மூடும் நேரத்தில்
மேசைக்கடியில் குனிந்து பொறுக்குவேன்.
தைத்து மிஞ்சியதற்கு
யாரும் கணக்குக் கேட்பதில்லை.
பாஜு கூரோங்கின் ஓரம்,
இடைநிலைப்பள்ளி நீலம்,
செம்பனை ஆலைக் காவலர் சட்டையில்
பை வைத்தது போக ஒரு விரற்கடை,
ரவிக்கைகளின் அக்குள் வளைவில் விழும்
பிறைகள், பிறைகள்.

கயிறு வந்தது வேறு வழி.
எங்கள் அடுக்குமாடியில்
மாடத்தில் துணி காயப்போட்டால்
ஐம்பது வெள்ளி அபராதம் என்று
மின்தூக்கிக்குள் ஒட்டிவிட்டார்கள்.
மின்தூக்கி ஓடுவதில்லை.
அறிவிப்பு மட்டும் ஒழுங்காக இருக்கிறது.
அவிழ்த்த கொடிக்கயிறு
கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கியது
வேலை போன ஆள் மாதிரி.

இரண்டு விரல் அகலம் கிழித்துச்
சாய்வாகச் சுற்ற வேண்டும்.
நேராகச் சுற்றினால் கயிறு பல்லிளிக்கும்.
நுனியை நத்தையாக்கி மிஷினில் வைத்து,
கோணிக் கோணி ஓடும் தையலில்
ஒரு சுற்றை அடுத்த சுற்றோடு பிடித்து,
அடித்தட்டு போதும் என்று தோன்றும்போது
இடது கையால் லேசாகத் தூக்கினால்
சுவர் எழும்பும்.
முதல் கூடைக்கு மூன்று ஊசி போனது.
குளிர்பெட்டி மேல் இன்னும் சாய்ந்தே நிற்கிறது;
உள்ளே தண்ணீர் பில்,
தலைவலி மாத்திரை,
எந்தப் பூட்டுக்கும் சேராத இரண்டு சாவி.

நான்காவதிலிருந்து காசு.
சிலிம் ரிவர் பசார் மாலாமில்
காக் நோர்மாவின் அப்பம் பாலிக் கடைக்கும்
காலுறைக்காரருக்கும் நடுவே
ஒரு மடக்கு மேசை.
கூடை பதினெட்டு வெள்ளி.
முகம் பார்த்து, பதினைந்து.

தவமலர் அக்கா ஒன்றைக் கையில் எடுத்தார்.
விலை கேட்கவில்லை.
நடுப்புள்ளியிலிருந்து விரலால் எண்ணினார்.
"இந்தப் பதினொன்னாவது சுத்து
யோகநீலாவோட நிச்சயதார்த்த ரவிக்கை."

மயில்கழுத்துப் பச்சை.
மிச்சம் இருக்கா என்று அன்றைக்கே கேட்டார்.
இல்லை என்று சொன்ன வாய் இது.
நிச்சயம் நடந்தது, கல்யாணம் நடக்கவில்லை.
குலை ஏற்றிப் போகும் லோரிக்காரர் வரைக்கும்
தெரிந்த விஷயம்.

காது சூடாகி,
"அத மட்டும் எடுத்துடறேன்கா" என்றேன்.
சொன்ன பிறகுதான் உறைத்தது.
சுற்றில் ஒன்றை மட்டும் எடுக்க வழியில்லை.
இருபதிலிருந்து பன்னிரண்டு வரை
அத்தனை பேரும் எழுந்து வழிவிட வேண்டும்.

கத்தரி முனையால் பிரிக்கத் தொடங்கினேன்.
அக்கா விளக்கைச் சாய்த்துப் பிடித்தார்.
"இது யாரு?"
"தபால் நிலையத்து மேடம்."
"ஓ. இந்தச் சிவப்பு?"
"சீனப் புத்தாண்டுக்கு ஆ லிங்."
"இவ்ளோ மட்டமான துணியா போட்டா?"
சிரித்துவிட்டோம், பாவம் ஆ லிங்.
காக் நோர்மா ஒரு அப்பம் கொடுத்தனுப்பினார்.
அக்காவே பாதி தின்றார்.
காவலர் உரிந்து போனார்,
பள்ளிக்கூட நீலம் போனது,
பச்சை வந்தது.

முழம் நீளம்கூட இல்லை.
அக்கா அதை விரலில் சுற்றிப் பார்த்தார்.
பிறகு அப்பத்தின் வெண்ணெயை
விரல் விரலாக அதில் துடைத்து,
காக் நோர்மாவின் குப்பைப் பைக்குள் போட்டார்.

"மிச்சம் இருக்கிறது எவ்ளோ?"
"அது இப்ப கூடை இல்லைக்கா. தட்டு."
"தட்டுதான் வேணும். சட்டி இறக்கி வைக்க."
ஐந்து வெள்ளி.
நறுக்கிக் கொடுத்தேன்.
போகிறபோக்கில் சொன்னார்,
யோகநீலா ஜொகூரில் காடி வாங்கிவிட்டாளாம்.
வெள்ளை நிறம். அழுக்குத் தெரியும் என்று
சொல்லியும் கேட்கவில்லையாம்.

எனக்கு மிஞ்சியது நாலு மீட்டர்,
ஊர் உடுத்தியதை உடுத்திக்கொண்டு,
ஒரு முனையில் மட்டும்
வெறும் கயிறாக.

இரவு மாடத்தில் இழுத்துக் கட்டினேன்.
ஒரு கைக்குட்டைகூடப் போடவில்லை.
கொடியே துணி கட்டிக்கொண்டு நின்றால்
அபராதம் எவ்வளவு என்று
காலையில் மூன்று மாடி இறங்கிப் போய்
மின்தூக்கிக்குள் படித்துப் பார்த்தேன்.
அதைப் பற்றி ஒன்றும் போட்டிருக்கவில்லை.