விறகுக் கணக்கு

மார்ச் பதினொன்று.
இரவெல்லாம் உறைந்த மலை பகலில் கசிந்தது.
கொட்டகைக் கூரையின் முதல் சொட்டு
மஜெல்லாவின் பிடரியில் விழுந்தது.
"வந்துவிட்டது" என்றான்,
ஜப்திக்கு வந்த அமீனாவைப் பார்த்தவன் போல.

கெபெக்கில், எங்கள் சரிவில்
எண்ணூற்றுப் பன்னிரண்டு மேப்பிள் மரங்கள்.
நாலு வாரம், சில ஆண்டு மூன்றே வாரம்
துளைத்த இடத்தில் நீர் விடும்.
நாற்பது வாளி காய்ச்சினால் ஒரு வாளி பாகு.
அன்றைய நீரை அன்றே ஏற்றாவிட்டால்
நாளைக்குப் புளித்த வாடை.
மார்ச்சில் போய் நிதானம் பேசுகிறவர்கள்
மரத்திடம் பேசிப் பார்க்கட்டும்.

அந்த ஆண்டு கடன் இருந்தது:
புது ட்ராக்டர், பழைய வட்டி.
மரத்துக்கு ஒரு துளை என்பதை இரண்டாக்கினோம்.
கட்டிப்பிடித்தால் கைக்குள் அடங்கும்
இளசுகளையும் விடவில்லை.
துளைக் கருவி சூடேறி
என் கையுறை கருகியது.
"இந்த ஒரு மாதம்தானே" என்றான்.
"ஒரு மாதம்தான்" என்றேன்.

மூன்று இரவு.
அடுப்பு எனக்கு, கொப்பரை அவனுக்கு.
பாகிலேயே முட்டையை வேகவைத்து
நின்றபடி தின்றோம்.
ஆவியில் ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியவில்லை.
பேசினால் நேரமாகும் என்று
பெயரைக்கூடப் பாதியில் கூப்பிட்டோம்.
உண்மையைச் சொன்னால்
சந்தோஷமாகவும் இருந்தது.
குடித்தவனுக்கு வருமே, அப்படி.

நாலாம் இரவு இரண்டு மணிக்கு
விறகெடுக்கப் போனேன்.
சுவர் தெரிந்தது.
விறகு அடுக்கியிருந்த இடத்தில்
சுவர்.

ஒரு துளைக்கு வெட்டிய விறகு
இரண்டு துளைக்கு எங்கே போகும்?
ஈரக் கட்டையை இன்று பிளக்கலாம்;
அது எரிய அடுத்த மார்ச் ஆகும்.
பனியைத் தோண்டி
பழைய வேலிக்கம்பங்களைப் பிடுங்கினேன்.
நான்கு. ஐந்தாவது வரவில்லை.
அதை உதைத்தேன். அழுதேன்.
திரும்பிய போது வாடை முந்திக்கொண்டது.

கவிழ்த்த வாளியில் உட்கார்ந்தபடி
மஜெல்லா தூங்கிக்கொண்டிருந்தான்.
கரண்டி கையில் இருந்தது.
கம்பிப் பதம் தாண்டி, கட்டிப் பதம் தாண்டி,
பெயரில்லாத ஒரு பதத்தில்
கொப்பரை கறுத்து விரிந்து கிடந்தது.

எழுப்பவில்லை.
கதவைத் திறந்து புகையை வெளியே விட்டேன்,
பக்கத்தில் படுத்துக்கொண்டேன்.
காலையில் எண்ணூறு மரமும்
வாளி நிரம்பி வழிந்தது.
நாள் முழுக்கச் சொட்டுச் சத்தம்;
வேர் தந்ததை வேரே வாங்கிக்கொண்டது.
நாங்கள் மத்தியானம்வரை தூங்கினோம்.
வானம் விழவில்லை.

பக்கத்துப் பண்ணை பெர்னாந்த்
உதிரிக் கொப்பரையும் உலர்ந்த விறகும் தந்தாள்.
மூன்றில் ஒரு பங்கு பாகு வாடகை.
கறாரானவள். நியாயமானவளும்.

மே மாதத்திலிருந்து
நாளைக்கு நாற்பது கட்டை.
மழைக்கு மட்டும் விடுமுறை.
நாற்பதைப் பிளப்பது பெரிதில்லை.
கை சூடேறி, தோள் இன்னும் கேட்க,
நாற்பத்தொன்று கண்ணெதிரே கிடக்க
கோடரியை ஆணியில் மாட்டுவதுதான்
ஆகஸ்ட்வரை பழகவில்லை எனக்கு.
மஜெல்லா நாற்பத்தாறு பிளந்துவிட்டு
நாற்பது என்று எழுதுவான்.
மறுநாள் முதுகு உண்மையைச் சொல்லும்.

இரட்டைத் துளைகள் மெல்ல மூடின.
ஓர் இளசுக்கு மட்டும்
மேல்பாதி தளிர்க்கவே இல்லை.
அதை வெட்டவில்லை.
அந்தப் பக்கம் போகும்போது
இருவருமே கொஞ்சம் வேகமாக நடப்போம்.

இந்த மார்ச்சிலும் மூன்று இரவு விழிப்போம்.
விழிக்காமல் முடியாது.
ஆனால் இன்று காலை
கூரையிலிருந்து முதல் சொட்டு விழுந்ததும்
"வந்துவிட்டது" என்றான்,
பூட்ஸைக் கழற்றினான்,
போர்வையை இழுத்துத்
தலைவரை மூடிக்கொண்டான்.

மணி பத்து.
குறட்டை கேட்கிறது.
நான் வாளிகளை எண்ணிக்கொண்டிருக்கிறேன்.
மெதுவாக.