முகபாவம்

வெள்ளிக்கிழமை கடைசி இரண்டு பாடவேளைக்கு
சிஸ்டர் எமெரென்சியா தானே மணியடிப்பார்.
பேண்டு வாத்தியம் கொய்யா மரத்தடிக்கு,
நீலப் பறவையர் கொடிமேடைக்கு,
தோட்டக் குழு குடத்தோடு கீரைப் பாத்திக்கு.
எதிலும் சேராதவர்கள் என்னிடம் வருவார்கள்.
அதற்குப் பெயர் பாடற்குழு.

டிரம்முக்கு உயரம் போதாத தீர்த்தகிரி,
நீலப் பாவாடை தைக்க வழியில்லாத இரண்டு பேர்,
மண்ணைத் தொட்டால் கை தடிக்கும் சகாய பெனிட்டா,
பேசினால் திக்கும் மாதம்மா.
பாடினால் திக்காது.
மொத்தம் பதினாறு.

மறைமாவட்டப் போட்டி.
கொடுத்த தலைப்பு, படைப்புக்கு நன்றி.
சிஸ்டர் எழுதினார், நான் மெட்டுப் போட்டேன்.
காற்றுக்கு ஒரு சரணம், கேழ்வரகுக்கு ஒன்று,
தண்ணீருக்கு ஒன்று.

"வாயைத் திறங்க, ரெண்டு விரல் நுழையணும்.
ஆன்னா ஆ."
அவர்களோ ஆவை ஊவாக்கி
உதட்டுக்குள்ளேயே பாடினார்கள்.
மேலுதடு இறங்கி வந்து பல்லை மூடிக்கொள்ளும்,
கடை ஷட்டர் மாதிரி.
சிரிப்பு வந்தால் கூடவே கை வரும்.

எனக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.
நானும் இண்டூர்ப் பக்கத்து போர்த் தண்ணி குடித்தவள்தான்.
கல்யாண ஆல்பத்தைப் புரட்டிவிட்டு
எவ்வளவு அடக்கமான பெண் என்று
மாமியார் வீட்டில் மெச்சினார்கள்.

பழுப்புக் கோடு, சுண்ணாம்புத் திட்டு,
ஓரம் அரித்த சோளப் பரல்.
எங்கள் ஊரில் இதற்குத் தனிப் பெயர் கிடையாது,
பல் என்றே சொல்வோம்.
ஒகேனக்கல் தண்ணீர் இந்த வருஷம்தான்
குழாயில் வந்தது.
இவர்களுக்குப் பல் முன்னாலேயே வந்துவிட்டது.

தருமபுரியில் பங்கு மண்டபம்.
போட்டோக்காரர் விளக்கு இரண்டு, முகத்துக்கு நேராக.
எங்களுக்கு முன்னால் ஓசூர்ப் பள்ளி.
டை, ஷூ,
பற்பசை விளம்பரம்போல் ஒரே அளவில் சிரித்துக்கொண்டு
தப்புச் சுருதியில் பாடிவிட்டு இறங்கினார்கள்.

மாதம்மா எடுத்த எடுப்பில்
மின்விசிறிகளின் கடகடப்பு காதில் விழவில்லை.
கேழ்வரகுக்கு வரும்போது
நடுவர் ஃபாதர் பேனாவைக் கீழே வைத்தார்.
தண்ணீருக்கு நன்றி சொல்லும் இடத்தில்
பதினாறு வாயும் இறுகின.
நான் கீழே நின்று
திற, திற என்று கையால் காட்டினேன்,
என் வாயை மூடியபடி.

மதிப்பெண் தாள்:
குரல் ஒன்பது. சுருதி ஒன்பது. தாளம் எட்டு.
முகபாவம் நான்கு.
குறிப்பு: பிள்ளைகளிடம் மகிழ்ச்சி இல்லை.

சிஸ்டர் அதை நாலாக மடித்து
செபமாலை கிடக்கும் பைக்குள் செருகினார்.
ஒன்றும் பேசவில்லை.
ஆறுதல் பரிசு
பதினாறு எவர்சில்வர் டம்ளர்.

திரும்பும்போது பென்னாகரம் ரோட்டில் நல்ல இருட்டு.
கண் கூசுது என்று டிரைவர்
வேனின் உள் விளக்கை அணைத்தார்.
கொஞ்ச நேரம் டம்ளர்கள் உருண்டன.
யாரோ ஒன்றை எடுத்துத் தட்டினார்கள்,
தீர்த்தகிரியாகத்தான் இருக்கும்.
மாதம்மா தொடங்கினாள்.

இருட்டுக்குள் ஆ ஆவாகவே இருந்தது.
இரண்டு விரல் என்ன, கையே நுழையும்.
வேனின் தகரம் அதிர்ந்தது.
தாடை வலித்தபோதுதான் தெரிந்தது
நானும் பாடுகிறேன் என்று.

எதிரே ஒரு தக்காளி லாரி.
அதன் வெளிச்சம் முன்கண்ணாடியில் ஏறி
கடைசி சீட்டு வரை நடந்து போனது,
ஒவ்வொரு வாயாக எட்டிப் பார்த்தபடி.
பெனிட்டா மட்டும் சட்டென மூடிக்கொண்டாள்.
மிச்ச வரியை
மூக்காலேயே முடித்தாள்.

மறுபடி இருட்டு.
"டீ... டீச்சர்,
இண்டூர் வந்தா லை... லைட் போட வேணாம்னு
அண்ணன்கிட்ட சொல்லுங்க" என்றாள் மாதம்மா.

இண்டூரை நாங்கள்
எப்போதோ தாண்டியிருந்தோம்.