பாக்கி

பெயர் எழுத வேண்டாம் என்றார் அந்த அக்கா.
காரைக்குடியிலிருந்து ஆராய்ச்சிக்கு வந்திருந்தார்.
பிளஸ் டூ பி செக்‌ஷன், இருபத்திரண்டு கேள்வி.
நல்லது நடக்கும் என்று நம்புகிறாயா?
இல்லை, எப்போதாவது, அடிக்கடி, எப்போதும்.
நான் 'எப்போதாவது' போட்டேன்.
அன்றைக்கு பிசிக்ஸ் சார் லீவு.
வந்திருந்தால் 'இல்லை'.

எங்கள் வரிசைத் தாள்களை வாங்கி அடுக்கியது நான்தான்.
ஒரு தாளில்
பத்தொன்பதாம் கேள்விக்கு எதிரே
பச்சை மையில் டிக்.
'அடிக்கடி.'

அந்தப் பச்சையை எனக்குத் தெரியும்.
முனை தேய்ந்து வால் இழுக்கும் என் பேனா,
வைரவன் போன மாதம் வாங்கியது.

பெல் அடித்ததும் அதை நீட்டினான்.
"இந்தா. இதோட சரியாப்போச்சு."
திங்கட்கிழமை கெமிஸ்ட்ரி ரெக்கார்டு.
செவ்வாய், பரோட்டாக் காசு நாற்பது ரூபாய்,
நானே மறந்திருந்தேன்.
நேற்று சைக்கிள் பம்பு.

என் அப்பா அடகுக் கடையில் கணக்கு எழுதுபவர்.
இந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்குப்
பற்றும் வரவும் பாலோடு வரும் என்பார்கள்.
எனக்குக் கணக்கில் முப்பத்தெட்டு மார்க்.
ஆனாலும்
கேட்காமலே ஒருத்தன் எல்லாப் பாக்கியையும் அடைத்தால்
எங்கேயோ கிளம்புகிறான்.
அது எனக்கே தெரியும்.

கரும்பலகை ஓரத்தில் அக்கா எழுதிப்போன எண்ணை
அழிக்கும் முன்
அதே பேனாவால் உள்ளங்கையில் எழுதிக்கொண்டேன்.

கண்டனூர் ரோட்டில் சைக்கிளை உருட்டினோம்.
புதுவயல் மில்களிலிருந்து நெல் அவியும் வாடை,
காலரில் உமிச் சாம்பல்.
மேட்ச் பற்றிப் பேசினேன். சாரின் புது மீசை பற்றிப் பேசினேன்.
கேட்டால் நானே அதை
அவன் மண்டையில் போட்டுவிடுவேனோ என்று பயம்.
டிக் ஞாபகம் வந்தது.
ஏற்கெனவே அது அங்கேதான் இருக்கிறது.

மூன்றாவது மில் தாண்டிக் கேட்டேன்.
"டேய், சாகணும்னு தோணுதா?"
உடைந்து முடிந்த குரல்
திரும்பவும் கீச்சென்றது.

சிரித்தான்.
"பேரு எழுத வேணாம்னாங்கள்ல?"
பிறகு செயின் கழன்றதுபோல் குனிந்தான்.
செயின் நன்றாகத்தான் இருந்தது.
தவிட்டு லாரி ஒன்று போனது, இன்னொன்று போனது,
நிமிரவில்லை.

குனிந்தபடியே சொன்னான், முன்னும் பின்னுமாக.
இரவு இரண்டு மணிக்கு விழிப்பு வருவது.
சிங்கப்பூர் மாமா ஞாயிறுதோறும் கேட்கும் கட்ஆஃப்.
நெஞ்சில் யாரோ மூட்டை அடுக்குவது,
எண்ணிக்கை மட்டும் முடிவதில்லை.
"வீட்டுக் கணக்குல நான் செலவுப் பக்கம்டா.
முடிச்சுட்டா எல்லாருக்கும் லேசு."

எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்ல வாயெடுத்தேன்.
'எப்போதாவது' போட்டவன் எந்த முகத்தோடு சொல்வது?
"கணக்கு உனக்கும் வரலடா" என்றேன்.
அதற்கு மேல் ஒன்றும் வரவில்லை.
சாலையோரம் உட்கார்ந்துவிட்டேன்.
அவனும் உட்கார்ந்தான்.

"உங்க அக்காட்ட சொல்லப் போறேன்."
"சொன்னா உன்கூடப் பேச மாட்டேன்."
"பேசாத."

வியர்வையில் கடைசி எண் ஏழா ஒன்றா தெரியவில்லை.
ஏழு போட்டேன், யாரோ ஒரு ஹார்டுவேர் கடை.
ஒன்று போட்டேன்.
எடுத்தவர் அவசரப்படவில்லை.
போனை அவன் காதில் வைத்தேன்.
அவன் அக்கா உமையாள் ஸ்கூட்டியில் வரும் வரை,
ஹெல்மெட்டைக் கழற்றாமலே அவனைக் கட்டிக்கொள்ளும் வரை,
ஹாண்டில்பாரை நான் விடவில்லை.

போகும்போது பேனாவை அவன் பையில் செருகினேன்.
"எதுக்குடா?"
"கடன். வெள்ளிக்கிழமை தரணும்."

வெள்ளிக்கிழமை தரவில்லை.
வட்டி ஏறுது என்றேன்.
பதினோரு நாள் பேசாமல் இருந்தவன்
அதற்கு மட்டும் "போடா" என்றான்.

சரியாகிவிட்டானா என்று கேட்காதீர்கள்.
புதன்கிழமை டாக்டரிடம் போகிறான்.
வியாழன் முதல் பீரியடில் தூங்கி வழிகிறான்.
சில நாள் பார்த்தாலே தெரியும், அன்றைக்கு
அவன் வீடு வரை சைக்கிளை உருட்டுகிறேன்.

நேற்று பம்பு கேட்டான்.
கொடுத்திருக்கிறேன்.
திருப்பிக் கொண்டுவரட்டும், உதைப்பேன்.