ஓட்டை பார்ப்பவள்

மூன்று எஸ்டேட்டுச் சம்பளம் வந்து இறங்கும்
பீடோங் பட்டணத்தில்
போஸ்ட்டாபீசுக்கு எதிர்க் கடையில்
மீ கோரிங் எட்டு வெள்ளி ஆன மாதம்
இனி வீட்டிலேயே பிரட்டிக்கொள்ளலாம் என்று
நான்தான் சொன்னேன்.

கடைசியாக ஒரு பொட்டலம் மட்டும்
குணசீலனை வாங்கிவரச் சொன்னேன்.
வடிதட்டில் கொட்டி
வெந்நீர் ஊற்றி அலசி
ஒவ்வொன்றாகப் பிரித்து வைத்தேன்.
அவித்த உருளைக்கிழங்கு ஏழு துண்டு.
டோஃபு நாலு.
மாவு வடை ஒன்றே கால்.
தௌகே எண்ணி முடியவில்லை.
“இது சாப்பாடா, போஸ்ட்மார்ட்டமா?” என்றான் ரிஷ்வின்.
அன்று ராத்திரி
அந்த அலசிய மீயைத்தான் தின்றோம்.

என் வேலை அப்படி.
கையுறை ஆலையில், இரவு ஷிப்டில்,
ஓர் உறைக்குள் ஒரு லிட்டர் தண்ணீர் ஊற்றி
இரண்டு நிமிடம் தொங்கவிட்டுப்
பார்த்துக்கொண்டு நிற்பேன்.
விரலிடுக்கில் ஒரு சொட்டு
வருமா, வராதா.
கண்ணுக்குத் தெரியாத ஓட்டை
தண்ணீருக்குத் தெரியும்.

முதல் சனிக்கிழமை மீ கூழானது.
அடுத்ததில் மிளகாய் விழுது பச்சை வாடை.
மூன்றாவதில் வேலிக்கு மேல் தலை நீட்டி
“குராங் மானிஸ்” என்றாள் ரோஸ்னா அக்கா.
இனிப்புப் போதாதாம்.
வாசனையை வைத்தே சொல்கிறாள்.
நாலும் ஐந்தும் ஞாபகமில்லை.
ஆறாவதில் சட்டியில் தீப்பிடித்து
சன்னல் திரை பாதி போனது.
மீதிப் பாதி இன்னும் தொங்குகிறது.
ஒன்பதாவதில்
லீமாவ் பிழிந்த கணத்தில்
ஒரு நொடி, கடை.
உடனே போய்விட்டது.

எங்கோ ஒழுகிக்கொண்டிருந்தது.

தீதான் என்று
வேலையில் நின்றபடி ஒரு விடியற்காலை தோன்றியது.
பாசார் மாலாமில் பழைய சாமான் விற்கும் சீனரிடம்
ஒட்டுக்கடை அடுப்பு ஒன்று
நாற்பத்தெட்டு வெள்ளிக்கு.
“ஆறு தட்டு மீ” என்றார் குணசீலன்,
கணக்கில் கெட்டிக்காரர்.

வீட்டுக்குப் பின்னால் வைத்துப் பற்றவைத்தேன்.
செம்பனைக் குலை ஏற்றிய லோரி
ரோட்டில் போவதுபோல் அது உறுமியது.
சட்டி சிவந்தது. புருவம் கருகியது.
எண்ணுவதற்குள் எல்லாம் முடிந்தது.

பதினோராவது தட்டு.
யாரும் பேசவில்லை.
ரிஷ்வின் விரலைச் சூப்பினான்.
குணசீலன் எழுந்துபோய்
குப்பைத் தொட்டியில்
பொட்டலத் தாள் கிடக்கிறதா என்று பார்த்தார்.

நானும் தின்று பார்த்தேன்.
வாயில் வைத்து
இரண்டு நிமிடம் தொங்கவிட்டேன் என்று வையுங்கள்.
ஒரு சொட்டு இல்லை.

பிறகு சட்டி.
பிறகு கரண்டி, வடிதட்டு,
எண்ணெய் தெறித்த சுவர்,
அம்மியில் ஒட்டிய மிளகாய்,
மூன்று தட்டு, அடுப்புக் கால்.
பத்தரைக்கு ஆலை வேன் வந்து
ஹார்ன் அடிக்கும்வரை
கழுவிக்கொண்டிருந்தேன்.
முழங்கைவரை ஈரம்.
அந்த ஈரத்தைக் கொஞ்ச நேரம்
பார்த்துக்கொண்டு நின்றேன்.
இரண்டாவது ஹார்ன்.

சம்பளத்துக்கு மறுநாள்
தனியாகப் போனேன்.
காற்றாடிக்கு அடியில் உட்கார்ந்து
மேசைக்குக் கீழே
சப்பாத்தைக் கழற்றிவிட்டேன்.
“என்னக்கா வேணும்?” என்றான்
புதிதாக வந்த பையன்.
மீ கோரிங் என்றேன்.
எட்டரை வெள்ளி ஆகியிருந்தது.

உப்பு ஒரு சிட்டிகை கூட.
உருளைக்கிழங்கு ஐந்தே துண்டு.
வடை நேற்றையது.
ஆலையாக இருந்தால்
இந்தப் பெட்டியையே திருப்பி அனுப்பியிருப்பேன்.

முழுத் தட்டையும் தின்றேன்.
கரண்டியைக் குறுக்கே வைத்தேன்.
பையன் வந்து எடுத்துப் போனான்.
உள்ளே எங்கோ
குழாய் திறக்கும் சத்தம்.

நான் எழுந்திருக்கவில்லை.