ஏழாம் நம்பர் மருது

மரங்களுக்கு நம்பர் போட்டுவிட்டுப் போனார்கள்
நெடுமடைக்குளத்துக் கரை நெடுக.
ஒன்று முதல் பதினொன்று வரை, சுண்ணாம்பில்.
ஏழாவதை மட்டும் சாய்த்து எழுதியிருந்தார்கள்;
அந்த மருதின் முண்டு அப்படி.

எஸ்டிமேட்டில் உள்ளபடி
மூன்று மீட்டர் கரை ஐந்தரை ஆக வேண்டும்.
தடை: மரம் பதினொன்று, பழைய மடைக்கல் ஒன்று.
கீழே தலைவர் கையெழுத்துக்கு ஒரு கோடு.
தலைவர் நான்தான்.

முந்தின வருஷத்து ஐப்பசி அடைமழையில்
கரையின் வளைவில்
திரும்ப முடியாமல் நின்றது ஆம்புலன்ஸ்.
வேதக்கனியைக் கட்டிலோடு தூக்கிப் போனோம்.
ஏழாம் மருதுக்கு அடியில்
செல்போன் வெளிச்சத்தில் பிறந்தான் பையன்.
ஞானஸ்நானத்தில் வைத்த பேர் வேறு,
ஊர் கூப்பிடுவது குளத்தான்.
இப்போது சிரிக்கிறோம்.
அன்றைக்கு அந்த நர்சுப்பிள்ளையின் கை நடுங்கியதை
பக்கத்தில் நின்று பார்த்தவள் நான்.
ரோடு வேண்டாம் என்று
என் வாயில் வராது.

ஆனால் கூழைக்கடா இறங்குகிற மாசங்களில்
கல்யாணத்துக்குக்கூட
வேட்டுப் போடாத ஊர் இது.
பக்தி என்று நினைக்க வேண்டாம்.
எச்சம் கரைந்த தண்ணீர் பாய்ந்தால்
பிசானத்துக்கு ஒரு மூடை உரம் மிச்சம்.

மடைக்கல்லில் எழுத்து இருப்பது எல்லாருக்கும் தெரியும்,
துணி துவைக்கச் சொரசொரப்பு நல்லது என்று.
பேட்டையிலிருந்து வந்த கல்லூரிப் பெண்
ஈரத்தாளை ஒட்டி, மை ஒற்றி எடுத்து
கடைசி வரியை வாசித்தாள்:
இந்த மடையைக் காத்தவர் பாதம் என் தலைமேல்.
"யாரு காலை யாரு சொமக்கா?"
என்றார் நல்லபெருமாள்.
மடை வைத்தவள்.
பேர் சிதைந்துபோய், நங்கை என்பது மட்டும் மிச்சம்.

இரவெல்லாம் அவளோடு சண்டை எனக்கு.
நங்கையே,
நீ வைத்த அன்று இந்தக் கல் பழசு இல்லை.
புத்தம்புது வேலை, அன்றைய திட்டம்.
குளம் பெருகியபோது
எவன் மேய்ச்சல் முங்கியது,
எந்த உடைமரத்தில் எந்தக் குருவி
கூட்டை விட்டுப் போனது,
எழுதினாயா கல்லில்?
என் ஃபைலிலும் அதற்குக் கட்டம் இல்லை.

காலையில் எஞ்சினியரிடம் சொன்னேன்,
மரத்தை விட்டுவிட்டு
வயல் பக்கம் அகட்டுங்கள் என்று.
"பட்டா நிலம் மேடம். யாரு குடுப்பா?"
ஆளுக்கு ஆறடி, ஒன்பது பேர்.
முதல் ஆறடி என் மாமனார் வயலில்.
மூன்று நாள் நான் பொங்கிய சோற்றைத் தின்றார்கள்,
பேசவில்லை.
நல்லபெருமாள் மட்டும் நேருக்கு நேர் சொன்னார்:
"கொக்குக்கு நாலு கொளம் இருக்கு தாயி,
எனக்கு இந்த ஒரு வயக்காடுதான்."
அதற்கு அன்றும் என்னிடம் பதில் இல்லை.
இன்றும் இல்லை.

ஆறு பேர் கொடுத்தார்கள்.
அவர் கொடுக்கவில்லை.
அவர் வயலுக்கு நேரே
மூன்றாம் நம்பரும் நான்காம் நம்பரும் போகும்.
மடைக்கல் நிற்கும், ரோடு அங்கே நெளியும்.
நெளிவில் வண்டி திரும்புமா?
பொட்டலில் அதே அளவுக்குக் கோடு போட்டு
ஆம்புலன்ஸ் டிரைவரை ஓட்டிக் காட்டச் சொன்னேன்.
முதல் தடவை சரியாகத் திரும்பியது.
இரண்டாம் தடவை
பின்டயர் கோட்டை மிதித்தது.

கையெழுத்துப் போட்டேன்.
ஓரத்தில் ஒரு வரி சேர்த்தேன்:
குஞ்சு பறக்கும்வரை வெட்டக் கூடாது.
எந்த விதியின்படி என்று கேட்டு
ஃபைல் திரும்பி வந்திருக்கிறது.

இன்று கரைக்குப் போனேன்.
ஏழாம் மருதில் நம்பர் பாதிதான் தெரிகிறது.
எச்சம் வழிந்து,
சுண்ணாம்பு எது நாரை எது என்று
கிட்டே போய்ப் பார்க்க வேண்டியிருக்கிறது.
அடியில் குளத்தான் உட்கார்ந்து
யாரும் பார்க்காத நேரமாக
மண் தின்றுகொண்டிருந்தான்.