பின்பாட்டு

பதினாலாவது மாடியில் குடியிருந்தோம்.
லிஃப்ட் கெட்டுக் கிடந்த நான்கு வருஷத்தில்தான்
எங்களுக்கு மூச்சு வளர்ந்தது.
படிக்கு ஒரு சொல், திருப்பத்தில் எதுகை.
தோளில் அரிசி மூட்டையோடு
சொய்லிஹி முன்னால் சொல்லிக்கொண்டே ஏறுவான்.
அவன் வரியின் கடைசிச் சொல்லைப் பிடித்து
நான் திருப்பிப் போடுவேன்.
மார்செய் நகரத்தில் அதற்குக் காசு கொடுப்பார்களென்று
அப்போது யாருக்குத் தெரியும்.

துறைமுகக் கொட்டகையில் எழுநூறு பேர்.
அப்பன் வந்த கப்பல், என்பான்.
கப்பல், என்பேன்.
கப்பல் கழுவிய கை, என்பான்.
கை, என்பேன்.
எழுநூறு பேரும் கையைத் தூக்குவார்கள்.
போஸ்டரில் அவன் பெயருக்குக் கீழே
ஒருமுறை 'உடன் நசூர்' என்று போட்டார்கள்.
வடக்கத்திக் காற்று முதலில் அந்த மூலையைத்தான் கிழித்தது.

சினிமாக்காரர்கள் வந்தபோது
முகம் போதும் என்றார்கள்.
முதல் படத்தில் மூன்றாம் நிமிஷம் செத்தான்,
அடுத்ததில் இருபதாம் நிமிஷம்.
அவன் அம்மா இரண்டுக்கும் போகவில்லை.
பெற்றவள் எத்தனை தடவை பார்ப்பாள், என்றாள்.
நாலாவது படத்தில் அவன் பாத்திரத்துக்கு ஒரு பெயர் இருந்தது.
அன்றைக்குப் பிலாவ் கிளறி
மாடிமாடியாகக் கொடுத்தனுப்பினாள்.

ஆறாவதில் இன்ஸ்பெக்டர்.
படப்பிடிப்பு எங்கள் கட்டடத்திலேயே.
நீலச் சட்டையோடு அவன் படியிறங்க,
கீழே நின்ற பையன்கள் ஓடினார்கள்.
துணை நடிகர்கள் இல்லை அவர்கள்,
ஓடச் சொல்லவும் இல்லை யாரும்.
என் அக்கா மகனின் செருப்பு ஒன்று
படியில் கிடந்தது.
குனிந்து எடுத்தான்; கேமரா ஓடிக்கொண்டிருந்தது.
அந்த மௌனத்துக்குத்தான் விருது.
ராத்திரி செருப்பைக் கொடுக்க வந்தான்.
பையன் கதவைத் திறக்கவில்லை.

அதற்கப்புறம் பாரீஸ் போய்விட்டான்.
ஒருமுறை போன் செய்தான், விடியற்காலை மூன்று மணி.
இரண்டு பக்க வசனம், மண்டையில் ஏறவில்லை,
கடைசிச் சொற்களை மட்டும் நீ சொல்லடா, என்றான்.
நான் டிப்போவில் பஸ் கழுவிக்கொண்டிருந்தேன்.
பின்சீட்டில் உட்கார்ந்து சொன்னேன்.
வெளியே குழாயில் தண்ணீர் பாட்டுக்கு ஓடியது.
எப்படி இருக்கிறாய் என்று
இருவருமே கேட்கவில்லை.

செவ்வாய் மதியக் காட்சிக்கு டிக்கெட் மலிவு.
கவனித்தீர்களோ என்னவோ,
ஒவ்வொரு வசனத்தின் முடிவிலும்
அரை நொடி நிற்கிறான்.
நிதானம், கனம், என்னென்னவோ எழுதுகிறார்கள்.
அது என் இடம்.
போன வாரம் 'வீடு' என்று முடித்தான்.
வீடு, என்றேன் இருட்டில்.
முன்வரிசைப் பெண் திரும்பி, உஷ், என்றாள்.
மன்னிக்கணும், என்று சொல்லிவிட்டு
அடுத்த வரிக்காக
மூச்சை இழுத்து வைத்துக்கொண்டேன்.