அவருக்கு ஒரு வரி மேலே

குன்னூர் லோயர் பஜாரில் என் கடை.
மிக்ஸி, கிரைண்டர், தண்ணீர் மோட்டார்.
பெயர்ப்பலகையில் இன்னும்
ஹவில்தார் என்று இருப்பதற்கு
மகள் சிரிக்கிறாள்.

நேற்று
அரவங்காடு ஆலைச் சங்கு ஊதி ஓய்ந்த பின்
ஒரு பிக்-அப் வந்து நின்றது.
கேரட் கழுவும் இயந்திரத்தின் மோட்டார்,
சேறு காய்ந்து, சாக்கில் சுற்றி.
மறுமுனையைப் பிடித்து இறக்கியவர்
மேஜர் ஜெனரல் ஹாலன்.

என் முதுகு தானாக நிமிர்ந்தது.
'அதெல்லாம் அப்புறம். முதலில் இதைக் கீழே வை,
கை நோகிறது' என்றார்.

கேத்தி பள்ளத்தாக்கிலிருந்து
பீரங்கிப் படைக்குப் போனவர்.
குண்டு எங்கே விழுகிறதென்று
பறந்து பார்த்துச் சொல்ல ஆள் கேட்டார்களாம்.
பக்கத்து வீட்டுக் கூரையை
வாசலில் நின்றே குனிந்து பார்த்து வளர்ந்தவர்
கை தூக்கிவிட்டார்.

வடக்கே, பனியில்,
கேப்டன் ஹாலனின் ஹெலிகாப்டருக்கு நான் மெக்கானிக்.
தினமும் காலையில் ஒரு படிவம்.
பறக்கத் தகுதி என்று நான் கையெழுத்திடுவேன்.
அதன் கீழே அவர்.
ஆறு வருடம் அவர் உயிர்
என் பெயருக்கு ஒரு வரி கீழே இருந்தது.

ஒரு காலை
வால் கியர் பெட்டியின் காந்தத் திருகைக் கழற்றினேன்.
நுனியில் ஓர் இரும்புத் துகள்.
நொய்யரிசியில் பாதி இருக்கும்.
மேலே, இருபதாயிரம் அடியில்,
ஒரு சிப்பாய்க்கு விரல்கள் கறுத்துக்கொண்டிருந்தன.
ரேடியோவில் அவன் பெயரைச் சொன்னார்கள்.
மறுபடி சொன்னார்கள்.
நான் பேனாவை மூடினேன்.

அவர் என்னைத் திட்டியிருக்கலாம்.
ஹெல்மெட்டைக் கவிழ்த்து
அதற்குள் கையுறைகளைப் போட்டார்.
எடுத்தார். மறுபடி போட்டார்.

வேறு ஹெலிகாப்டர் மறுநாள் மதியம்தான் வந்தது.
சிப்பாய் பிழைத்தான்,
வலது கை பிழைக்கவில்லை.
விசாரணையில் அவர் எழுதிக் கொடுத்தது:
பறக்க வேண்டாமென்பது என் முடிவு.
என் பெயர் அதில் எங்கும் இல்லை.

துகள் பெங்களூருக்குப் போனது.
வெறும் தேய்மானமா, உடையவிருந்த பல்லா,
பதில் வரவில்லை.
வந்திருந்தால் எனக்குக் காட்டவில்லை.

ஒரு வருடம் தள்ளித்தான் மேஜரானார்.
கர்னலானபோது காலரில் சிவப்புப் பட்டை.
பிரிகேடியரான பின்
லாக்புக்கில் பக்கங்கள் வெள்ளையாகவே இருந்தன.
ஜெனரலுக்கு ஹெலிகாப்டரில் பின் இருக்கை.

வெலிங்டன் திடலில் அவர் இறங்கியதை
ஒருமுறை வேலிக்கு வெளியே நின்று பார்த்தேன்.
இரண்டு நட்சத்திரத் தகடு வைத்த கார்
கதவைத் திறந்து காத்திருந்தது.
அவர் சுற்றிக்கொண்டு போய்
குனிந்து வாலைப் பார்த்துவிட்டுத்தான் நடந்தார்.

போன தை மாதம்
எத்தையம்மன் பண்டிகை ஊர்வலத்தில்
நூறு வெள்ளை முண்டாசுகளில் ஒன்று அவருடையது.
எதுவென்று எனக்குத் தெரியவில்லை.

மோட்டாரில் பேரிங் போயிருந்தது.
மாற்றி, ஒரு மணி நேரம் ஓடவிட்டேன்.
மேட்டுப்பாளையம் பக்கமிருந்து மூடுபனி ஏறி
எதிர்க்கடைப் பலகையை அழித்தது.
முக்காலியில் உட்கார்ந்து டீயை ஊதினார்.
'சார், அந்தப் பையன்...'
முப்பது வருடம் தொண்டையில் கிடந்த கேள்வி,
அதற்கு மேல் வரவில்லை.

'வருடத்துக்கு ஒரு கடிதம் போடுவான்.
இடது கையால் எழுதுகிறான்.
இப்போது பரவாயில்லை, படிக்க முடிகிறது.'

பில் எழுதினேன். கையெழுத்திட்டேன்.
பணத்தை எண்ணி வைத்தவர்
என் பேனாவை வாங்கி
எனக்குக் கீழே கையெழுத்திட்டார்.
வாடிக்கையாளருக்கு அந்தப் பில்லில்
இடமே கிடையாது.

ஹாரன் இரண்டு வளைவு தள்ளிக் கேட்டது.
கழற்றிய பேரிங்கின் கிரீஸில்
காந்தத்தை விட்டுப் பார்த்தேன்,
பழக்கம்.

நிறைய ஒட்டியது.